பெயர் தெரிந்த காப்பி: ‘கப் ஆஃப் எக்ஸலன்ஸ்’ போட்டி பிறந்த கதை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நண்பர்கள் சிலர் கூடி, பல நாட்டுக் காப்பிகளை வரிசையாக வைத்துச் சுவைத்துப் பார்ப்பது வழக்கம். புதிதாக வருகிறவர்கள் மேசையில் இருக்கும் பையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, அதன் மேல் இருக்கும் ‘கப் ஆஃப் எக்ஸலன்ஸ்’ முத்திரையைப் பற்றித்தான் முதலில் கேட்பார்கள். அந்தக் கேள்வியிலிருந்து கிளைத்த மற்றக் கேள்விகளையும் சேர்த்து, பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

இது என்ன போட்டி? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

காப்பி விளைவிக்கும் ஒரு நாட்டில், அந்த ஆண்டு அறுவடையில் மிகச் சிறந்த காப்பி எந்தத் தோட்டத்தினுடையது என்று கண்டுபிடிக்கும் தேசியப் போட்டி. விவசாயிகள் மாதிரிகளை அனுப்புவார்கள். யாருடையது என்று தெரியாமலேயே நடுவர்கள் அவற்றைச் சுவைத்து மதிப்பெண் போடுவார்கள். வென்ற காப்பிகள் இணைய ஏலத்துக்கு வரும். உலகின் எந்த மூலையிலிருந்தும் காப்பி வறுப்பவர்கள் அதில் விலை கேட்கலாம். 1999-இல் பிரேசிலில் தொடங்கியது.

பிரேசில்தான் உலகிலேயே அதிகமாகக் காப்பி விளைவிக்கும் நாடாயிற்றே. அதற்குப் போய் எதற்குப் போட்டி?

அதிகமாக விளைவித்ததால்தான் தேவைப்பட்டது. உலகக் காப்பியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பிரேசிலிலிருந்து வருகிறது. ஆனால் 1990-களில் அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ தரமான காப்பி விற்ற எவரும் பிரேசில் என்ற பெயரைப் பெருமையோடு சொன்னதில்லை. கென்யா என்றார்கள், குவாத்தமாலா என்றார்கள். பிரேசில் காப்பி கலவையில் அளவைக் கூட்டுவதற்கான சரக்கு, அவ்வளவுதான்.

இந்த நிலை தானாக வந்ததன்று. 1952-இல் அமைக்கப்பட்ட பிரேசிலியக் காப்பிக் கழகம் என்ற அரசு அமைப்பு, நாட்டின் காப்பி வணிகத்தைப் பல பத்தாண்டுகள் தன் கையில் வைத்திருந்தது. அதன் கவலையெல்லாம் அளவும் விலையும். பழுத்த பழத்தை மட்டும் பார்த்துப் பார்த்துப் பறித்தவனுக்கும், காயும் கனியும் சருகுமாகக் கிளையோடு உருவிக் கொட்டியவனுக்கும் பெரிய வித்தியாசம் கிடைக்கவில்லை. நல்ல பொன்னி அரிசியையும் குறுணையையும் ஒரே குவியலில் கொட்டி ஒரே விலைக்கு எடுத்துக்கொண்டால், அடுத்த போகத்தில் எந்த விவசாயி பொன்னிக்காக மெனக்கெடுவான்?

தரம் பிரிக்கும் முறையும் இதற்கு ஒத்துப்போனது. பிரேசிலின் பழைய தரவரிசை, கொட்டையின் பருமனையும், அதில் கறுத்தவை, உடைந்தவை எத்தனை என்பதையும் எண்ணியது. சுவைத்தும் பார்த்தார்கள். மிருதுவானது, கடினமானது என்று படிப்படியாக இறங்கி, கடைசியில் ‘ரியோ’ என்ற படி. காயத்துக்குப் போடும் அயோடின் மருந்தின் வாடை அடிக்கும் காப்பிக்குத்தான் அந்தப் பெயர். குறை இருக்கிறதா என்று தேடுவதற்கு இந்த முறை போதும். இந்தக் காப்பியில் மல்லிகை வாசனை இருக்கிறது, இதில் பழுத்த மாம்பழத்தின் இனிப்பு இருக்கிறது என்று ஒரு நிறையைக் குறித்து வைக்க அதில் இடமே இல்லை. அப்படி ஒரு காப்பி எங்கோ ஒரு மலைச்சரிவில் விளைந்திருந்தாலும், ‘சாந்தோஸ்’ என்று துறைமுகத்தின் பெயரைப் போட்ட மூட்டையில் மற்றவற்றோடு கலந்து கப்பலேறியது. ஊர் பெயர் இல்லை, ஆள் பெயர் இல்லை.

பிறகு இரண்டு அடிகள் அடுத்தடுத்து விழுந்தன. ஏற்றுமதி அளவுகளைக் கட்டுப்படுத்தி விலையைத் தாங்கி நின்ற பன்னாட்டுக் காப்பி ஒப்பந்தம் 1989 ஜூலையில் செயலிழந்தது. விலை சரிந்தது. 1990-இல் பிரேசிலியக் காப்பிக் கழகமே கலைக்கப்பட்டது. தாங்கிப் பிடிக்க யாரும் இல்லாத விவசாயி, உலகச் சந்தையின் முன் தனியாக நின்றான். அதில் ஒரு நன்மையும் இருந்தது. தன் காப்பியைத் தன் பெயரில் விற்க இனி அவனுக்குத் தடை இல்லை. 1991-இல் தரத்தில் நம்பிக்கை வைத்த விவசாயிகள் சிலர் சேர்ந்து பிரேசில் சிறப்புக் காப்பிச் சங்கத்தைத் தொடங்கினார்கள்.

போட்டி நடத்தலாம் என்று யாருக்குத் தோன்றியது?

ஒருவர் பெயரை மட்டும் சொன்னால் அது நியாயமாக இருக்காது. 1990-களின் பிற்பகுதியில் பன்னாட்டுக் காப்பி அமைப்பும் பன்னாட்டு வர்த்தக மையமும் இணைந்து ஒரு திட்டத்தை நடத்தின. பிரேசில், எத்தியோப்பியா, உகாண்டா, புருண்டி, பப்புவா நியூ கினி ஆகிய ஐந்து நாடுகளில், கவனமாக விளைவித்த காப்பிக்குக் கூடுதல் விலை பெற்றுத்தர முடியுமா என்று சோதித்துப் பார்க்கும் திட்டம் அது.

அதில் ஆலோசகராக இருந்தவர் ஜார்ஜ் ஹோவெல். பாஸ்டனில் 1970-களின் நடுவில் ‘தி காஃபி கனெக்‌ஷன்’ என்ற கடையைத் தொடங்கி, பல கிளைகளாக வளர்த்து, 1994-இல் ஸ்டார்பக்ஸ் நிறுவனத்துக்கு விற்றவர். ஸ்டார்பக்ஸ் கடைகளில் இன்று விற்கும் ‘ஃப்ராப்புச்சினோ’ பானத்தின் பெயர் அவருடைய கடையிலிருந்து போனதுதான். கடையை விற்றபின் ஓய்ந்து உட்காராமல் தோட்டங்களைத் தேடிப் போனார்.

திட்டத்தால் பிரேசிலில் நல்ல காப்பி விளைந்தது. வாங்குகிறவர்கள் நம்பவில்லை. விளைவித்தவனே வந்து, ‘என் காப்பி சிறந்தது’ என்று சொன்னால் யார் கூடுதல் விலை கொடுப்பார்கள்? விற்கிறவன் வாயிலிருந்து அந்தச் சொல் வரக்கூடாது, வாங்குகிற நாட்டின் சுவைஞர்கள் வாயிலிருந்தே வரவேண்டும் என்பதுதான் போட்டியின் அடிப்படை. பிரேசில் சங்கத்தின் தரப்பில் மார்செலோ வியேரா, தேர்ந்த சுவைஞரான சில்வியோ லெய்ட்டே, அமெரிக்காவிலிருந்து ஹோவெல், சூசி ஸ்பிண்ட்லர் எனப் பலர் சேர்ந்து இதற்கு உருவம் கொடுத்தார்கள். சூசி ஸ்பிண்ட்லர், பின்னால் 2002-இல் இந்தப் போட்டிகளை நடத்துவதற்காகவே உருவான ‘அலையன்ஸ் ஃபார் காஃபி எக்ஸலன்ஸ்’ என்ற லாப நோக்கற்ற அமைப்பின் செயல் இயக்குநராகப் பல ஆண்டுகள் இருந்தார்.

அதற்கு முன் காப்பிக்குப் போட்டியே இருந்ததில்லையா?

இருந்தது. இத்தாலியின் இல்லி என்ற காப்பி நிறுவனம் 1991-லேயே பிரேசில் விவசாயிகளுக்குப் பரிசு கொடுக்கத் தொடங்கியது. எஸ்பிரெஸ்ஸோவுக்கு ஏற்ற சிறந்த காப்பியைத் தேடி எடுத்து, நல்ல விலை கொடுத்து வாங்கியது. அந்தப் பரிசு பிரேசிலில் பல தோட்டங்களைத் திருத்தியது என்பதை மறுக்கமுடியாது. ஆனால் தேர்ந்தெடுப்பவரும் ஒருவர், வாங்குபவரும் அவரே. பனாமாவிலும் 1990-களின் பிற்பகுதியிலேயே விவசாயிகள் தங்களுக்குள் போட்டி நடத்தத் தொடங்கிவிட்டார்கள். பிரேசிலில் 1999-இல் புதிதாக நிகழ்ந்தது, மறைத்துச் சுவைப்பதையும் திறந்த ஏலத்தையும் ஒரே கயிற்றில் கட்டியதுதான்.

என்னைக் கேட்டால் இந்தக் கதையின் உயிரே அந்த முடிச்சில்தான் இருக்கிறது. போட்டி மட்டும் இருந்தால் கோப்பையும் கைதட்டலும் கிடைத்திருக்கும், காப்பி பழையபடி துறைமுக மூட்டைக்கே போயிருக்கும். ஏலம் மட்டும் இருந்தால் ஏற்கெனவே பெயர் பெற்ற பெரிய தோட்டங்களே அள்ளிக்கொண்டு போயிருக்கும். சுவைக்கும்வரை பெயரை மறைத்து, விற்கும்போது பெயரைத் திறந்தார்கள். அறியப்படாத ஒருவன் உள்ளே வர அது ஒன்றுதான் வழி.

முதல் போட்டி எங்கே நடந்தது?

மினாஸ் ஜெரைஸ் மாநிலத்தில் லாவ்ராஸ் என்ற ஊரில். வேளாண் படிப்புக்குப் பெயர்பெற்ற பல்கலைக்கழகம் இருக்கும் ஊர் அது. ‘பிரேசிலின் சிறந்தவை’ என்ற பொருள்படும் பெயரில் 1999-இல் நடந்தது. நூற்றுக்கணக்கான மாதிரிகள் வந்தன. முதலில் பிரேசில் சுவைஞர்கள் சலித்து எடுத்தார்கள். பிறகு வெளிநாட்டிலிருந்து வந்த நடுவர்கள் சுவைத்தார்கள். இறுதியில் பத்துக் காப்பிகள் வென்றன, அவை இணைய ஏலத்துக்குப் போயின.

1999-இல் இணையம் இருந்த நிலையை நினைத்துப் பாருங்கள். நம் ஊரில் தொலைபேசிக் கம்பி வழியாக, கிரீச் என்ற ஓசையோடு கணினி இணைப்பைப் பிடித்துக்கொண்டிருந்த காலம். அந்தக் காலத்தில் ஒரு பிரேசில் தோட்டத்தின் சில மூட்டைக் காப்பிக்கு டோக்கியோவிலிருந்தும் பாஸ்டனிலிருந்தும் ஒரே நேரத்தில் விலை கேட்கலாம் என்று துணிந்தார்கள். இடைத்தரகர் தொலைபேசியில் சொல்லும் விலையை அப்படியே ஏற்றுப் பழகிய விவசாயிக்கு, தன் காப்பியின் விலை திரையில் ஏறுவதைத் தானே பார்க்கமுடிந்தது.

நடுவர்கள் எப்படிச் சுவைக்கிறார்கள்?

ஒரே மாதிரியான கிண்ணங்கள், அவற்றின் முன் எண்கள் மட்டும். மாதிரிகளுக்கு எண் கொடுப்பதும், எந்த எண் யாருடையது என்ற பட்டியலைப் பூட்டி வைப்பதும் போட்டியோடு தொடர்பில்லாத தணிக்கையாளரின் வேலை. நடுவர் அறைக்குள் அந்தப் பட்டியல் வராது.

இளம் வறுப்பாக வறுத்த கொட்டையைப் பொடித்துக் கிண்ணத்தில் போட்டு, முதலில் உலர்ந்த பொடியை முகர்வார்கள். பிறகு கொதிநிலைக்குச் சற்றுக் கீழே இருக்கும் வெந்நீரை நேராக ஊற்றுவார்கள். வடிகட்டுவது கிடையாது. பொடி மேலே எழும்பி, பழுப்பு நிறத்தில் தடித்த ஏடாக மிதக்கும். நான்கு நிமிடம் தொடக்கூடாது. அதன்பின் குனிந்து, மூக்கைக் கிண்ணத்தின் விளிம்புவரை கொண்டுபோய், கரண்டியின் முதுகால் ஏட்டை மூன்று முறை தள்ளி உடைப்பார்கள். அப்போது அடைபட்டிருந்த ஆவி ஒரே மூச்சில் முகத்தில் அடிக்கும். காப்பியின் வாசனை முழுதாக வெளிப்படுவது அந்த ஒரு நொடியில்தான். தவறவிட்டால் அடுத்த கிண்ணம்வரை காத்திருக்க வேண்டும். மேலே மிதக்கும் நுரையை வழித்தெடுத்த பிறகு, கரண்டியில் மொண்டு ‘சர்ர்ர்’ என்று ஓசை வர உறிஞ்சுவார்கள். காப்பி திவலைகளாகச் சிதறி நாக்கு முழுவதும் படியவேண்டும், அதன் ஆவி மூக்கின் பின்புறம் ஏறவேண்டும் என்பதற்காகத்தான் அந்த ஓசை. எங்கள் கூட்டத்துக்கு முதல்முறை வரும் பாட்டிமார்கள் முகம் சுளிப்பார்கள். இரண்டாவது கிண்ணத்தில் அவர்களே நன்றாக உறிஞ்சுவார்கள், சூடாகத் தேநீர் குடித்துப் பழகியவர்கள் அல்லவா!

சூட்டோடு ஒருமுறை, வெதுவெதுப்பில் ஒருமுறை, ஆறியபின் ஒருமுறை என்று அதே கிண்ணத்துக்குத் திரும்பத் திரும்ப வருவார்கள். சுமாரான காப்பி சூட்டில் நன்றாகவே இருக்கும், ஆறும்போது குட்டு வெளிப்பட்டுவிடும். வெல்லும் காப்பி, போட்டி முடிவதற்குள் பலமுறை, பல நாட்களில், பல கட்டங்களில் இப்படிச் சுவைக்கப்பட்டிருக்கும். முதல் பத்து இடங்களுக்கு வந்தவற்றைக் கடைசி நாளில் மறுபடியும் ஒருமுறை சுவைப்பார்கள்.

87, 90 என்று பையில் போட்டிருக்கும் எண் என்ன?

நூறுக்கு எடுத்த மதிப்பெண். இந்தப் போட்டிக்காக ஹோவெல் வகுத்த மதிப்பெண் தாளில் எட்டு அம்சங்கள் இருந்தன: கோப்பையின் சுத்தம், இனிப்பு, புளிப்பு, வாயில் உணரும் கனம், சுவை, விழுங்கியபின் நிற்கும் சுவை, சமநிலை, ஒட்டுமொத்த மதிப்பு. ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் எட்டு. மொத்தம் 64. அதோடு 36-ஐக் கூட்டினால் 100.

அவர் சுத்தத்தையும் இனிப்பையும் முதலில் வைத்தது தற்செயலானதன்று. மண்வாடை, பூஞ்சை வாடை, புளித்துப்போன வாடை எதுவும் குறுக்கே வராமல், விளைந்த இடத்தின் சுவை கண்ணாடியில் தெரிவது போல் தெளிவாகத் தெரியவேண்டும் என்பது அவர் கொள்கை. இனிப்போ நன்றாகப் பழுத்த பழத்திலிருந்துதான் வரும், வேறு எங்கிருந்தும் வராது. ஆக, அந்தத் தாளில் ‘இனிப்பு’ என்ற கட்டம் உண்மையில் பறிப்பவரின் கைக்குப் போடும் மதிப்பெண்.

வெற்றிக்கான கோடு தொடக்கத்தில் இன்றைவிடத் தாழ்வாக இருந்தது, ஆண்டுகள் போகப்போக உயர்த்தப்பட்டது. இப்போது 87 அல்லது அதற்கு மேல் எடுத்தால்தான் இந்த முத்திரை. 90 அல்லது அதற்கு மேல் எடுத்தால் அதிபர் விருது என்று தனிச்சிறப்பு உண்டு.

மற்ற நாடுகளுக்கு எப்படிப் பரவியது?

வேகமாகப் பரவியது, காரணம் நெருக்கடி. 2001-இல் நியூயார்க் சந்தையில் அரபிகா என்ற வகைக் காப்பி பவுண்டுக்கு 50 சென்ட்டுக்கும் கீழே விழுந்தது. கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு டாலர். பல இடங்களில் பழத்தைப் பறிக்கும் கூலிக்கே அது போதவில்லை. மத்திய அமெரிக்காவில் தோட்டங்களைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு மக்கள் வெளியேறினார்கள். அந்த நேரத்தில், சந்தை விலையோடு கட்டுண்டு கிடக்காத ஒரு வழியை எல்லா நாடுகளும் தேடின. 2001-இல் குவாத்தமாலா வந்தது, 2002-இல் நிகராகுவா, 2003-இல் எல் சால்வடோர், 2004-இல் ஹோண்டுராஸும் பொலிவியாவும், 2005-இல் கொலம்பியா. ஆப்பிரிக்காவில் முதலில் நடத்தியது ருவாண்டா, 2008-இல். 1994-இல் இனப்படுகொலையைக் கண்ட நாடு, பதினான்கு ஆண்டுகளில் உலகச் சுவைஞர்களைத் தன் மண்ணுக்கு வரவழைத்தது. ஆசியாவில் முதலில் 2021-இல் இந்தோனேசியா. 2023-இல் நம் வடக்கெல்லைக்கு அப்பால் தாய்லாந்து.

விவசாயிக்கு உண்மையிலேயே பணம் கிடைத்ததா?

வென்றவர்களுக்குக் கிடைத்தது. 2005-இல் மினாஸ் ஜெரைஸ் மாநிலத்தின் கார்மோ தே மினாஸ் என்ற சிற்றூரைச் சேர்ந்த சாந்தா இனேஸ் தோட்டத்தின் காப்பி 95-க்கு மேல் மதிப்பெண் பெற்று, பவுண்டுக்கு 49.75 டாலருக்கு ஏலம் போனது. கிலோவுக்கு ஏறக்குறைய 110 டாலர். அதே ஆண்டு சந்தையில் சாதாரண அரபிகா பவுண்டுக்கு ஒரு டாலரைச் சுற்றி ஊசலாடிக்கொண்டிருந்தது. அந்தச் சில மூட்டைகளுக்குக் கிடைத்த பணத்தைவிடப் பெரிய பலன் அதன்பின் வந்தது. கார்மோ தே மினாஸ் எங்கே இருக்கிறது என்று காப்பி வாங்குகிறவர்கள் வரைபடத்தில் தேடினார்கள். அக்கம்பக்கத்துத் தோட்டங்களுக்கும் ஆட்கள் வந்தார்கள். போட்டியில் பங்கெடுக்க விவசாயி பணம் கட்ட வேண்டியதில்லை, ஏலத்தொகையில் பெரும்பகுதி அவருக்கே போகிறது.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஒரு தோட்டத்தின் மொத்த விளைச்சலில் போட்டிக்குப் போவது மிகச் சிறு பகுதி. மீதியைப் பழையபடி சந்தை விலைக்கே விற்கவேண்டும். வெல்லாத நூற்றுக்கணக்கானவர்களின் பெயர் வெளியே வருவதில்லை. நடுவர்களும் மனிதர்கள்தாம். பூவாசனையும் துடிப்பான புளிப்பும் உள்ள காப்பியின் பக்கம் அவர்களுடைய நாக்கு சாய்வதால், பல தோட்டங்கள் பாட்டன் காலத்து மரங்களை அகற்றிவிட்டுப் பரிசுக்கு ஏற்ற வகைகளை நடுகின்றன. 2004-இல் பனாமா ஏலத்தில் எஸ்மெரால்டா தோட்டத்தின் கெய்ஷா வகை பவுண்டுக்கு 21 டாலர் பெற்றபிறகு, உலகம் முழுவதும் கெய்ஷா நடும் ஆசை பிடித்துக்கொண்டது.

எனக்கு இதைவிட உறுத்துவது ஒன்று உண்டு. பையில் தோட்டத்தின் பெயரும் முதலாளியின் பெயரும் வந்துவிட்டன. சிவந்த பழத்தை மட்டும் பார்த்துப் பறித்த தொழிலாளியின் பெயர் இன்னும் வரவில்லை. தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்த தலைமுறைகளின் பிள்ளைகள் நாம். இந்தக் கேள்வியை நாம் கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்?

இந்தியக் காப்பி, குறிப்பாகத் தமிழ்நாட்டுக் காப்பி இதில் இருக்கிறதா?

இந்தியா தனக்கென ஒரு போட்டியை வைத்திருக்கிறது. இந்தியக் காப்பி வாரியம் 2002 முதல் ‘ஃபைன் கப்’ விருதுக்கான சுவைப்புப் போட்டியை நடத்திவருகிறது. அதில் ரொபஸ்டா என்ற காப்பி வகையும் போட்டியிடுகிறது. நீலகிரி, பழனி மலை, சேர்வராயன் மலை ஆகிய தமிழ்நாட்டுக் காப்பிப் பகுதிகளின் பெயர் அங்கே ஒலிக்கிறது. நம் வீடுகளில் சிக்கரி கலந்து, கெட்டியாகப் பாலூற்றிக் குடித்து வந்ததால் அந்தக் காப்பியின் தனிச்சுவை நமக்குத் தெரியாமலே போய்விட்டது. ஏற்காட்டுக் கொட்டை கிடைத்தால் ஒருமுறை பால் விடாமல், சர்க்கரை போடாமல் குடித்துப் பாருங்கள்.

மலேசியாவில் ஏன் நடக்கவில்லை? நாமும் காப்பி விளைவிக்கிறோமே?

இந்தப் போட்டி அரபிகாவுக்கானது. அரபிகாவுக்கு உயரமும் குளிர்ச்சியும் வேண்டும். நம் நாட்டில் பெரும்பாலும் விளைவது லைபெரிக்கா என்ற வேறொரு வகை, ஜொகூரிலும் சிலாங்கூரிலும். சபாவில் தெனோம் பக்கம் ரொபஸ்டா. தாழ்நிலத்து வெப்பத்தையும் கரிமண்ணையும் லைபெரிக்கா தாங்கும். மரம் உயரமாக வளரும், பழம் பெரிது, தோலும் சதையும் தடிப்பு. அதனால் பழத்தின் எடையோடு ஒப்பிட்டால் கிடைக்கும் கொட்டை குறைவு. கவனமாக உலர்த்தி இளம் வறுப்பாக வறுத்தால் பழுத்த பலாச்சுளையின் வாசனை வரும். அரபிகாவை மனத்தில் வைத்து வரைந்த மதிப்பெண் தாளில் அந்த வாசனைக்கு நியாயம் கிடைக்காது என்பது என் கருத்து. லைபெரிக்காவுக்கு அதன் குணமறிந்த தனித் தாளும் தனிப் போட்டியும் வேண்டும். நம் நாட்டு விவசாயிகளும் வறுப்பவர்களும் சேர்ந்து அதைச் செய்யவேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

மலாயாவில் தமிழர்கள் காப்பித் தோட்டத்தில் வேலை செய்தார்களா? ரப்பர் தோட்டம் என்றுதானே கேள்விப்பட்டிருக்கிறோம்?

ரப்பருக்கு முன்னால் காப்பிதான். 1869-இல் இலங்கைக் காப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய் தோன்றி, அடுத்த சில ஆண்டுகளில் அவற்றை அழித்தது. அங்கிருந்த துரைமார்களில் சிலர் மலாயாவுக்கு வந்து, சிலாங்கூரிலும் நெகிரி செம்பிலானிலும் பேராவிலும் லைபெரிக்காவை நட்டார்கள். 1880-களிலும் 1890-களிலும் அந்தத் தோட்டங்களில் காடு வெட்டியவர்களிலும் பழம் பறித்தவர்களிலும் தமிழர்கள் இருந்தார்கள். கங்காணி வழியாகக் கப்பலேறி வந்தவர்கள்.

பிறகு 1890-களின் பிற்பகுதியில் விலை விழுந்தது. எதனால் என்றால், பிரேசில் அளவுக்கு மீறி விளைவித்துச் சந்தையை நிரப்பியதால். பூச்சியும் சேர்ந்து கொண்டது. நம் காஜாங்கில் இருந்த இஞ்ச் கென்னத் தோட்டத்தின் கிண்டர்ஸ்லி சகோதரர்கள் காப்பிக்காரர்களாக இருந்து, 1890-களின் நடுவில் ரப்பர் நட்டு வழிகாட்டியவர்கள். அடுத்த பதினைந்து இருபது ஆண்டுகளில் காப்பி இருந்த இடமெல்லாம் ரப்பராயிற்று.

அளவை மட்டும் பார்த்த பிரேசில் காப்பி, ஒரு நூற்றாண்டுக்கு முன் நம் முன்னோர்கள் வேலை செய்த தோட்டங்களின் தலையெழுத்தை மாற்றியது. அதே அளவுப் பித்து பிரேசில் விவசாயியையே கடைசியில் நெருக்கியபோதுதான் 1999 போட்டி பிறந்தது. காப்பிச் சரித்திரத்தை நம்மோடு சம்பந்தமில்லாத வெள்ளைக்காரர் பொழுதுபோக்கு என்று நினைக்கிறவர்களுக்கு நான் இதைத்தான் எடுத்துச் சொல்வேன்.

அப்படியானால் கோப்பித்தியாம் என்னும் நம் ஊர்க் காப்பிக்கடையில் குடிக்கும் காப்பி தரம் குறைந்ததா?

அது வேறு கலை. சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்துக் கருக வறுத்து, துணிப்பையில் வடித்து, கெட்டிப்பாலோடு கலக்கும்போது ஒரு சுவை பிறக்கிறது. அந்தச் சுவை கொட்டையிலிருந்து வருவதைவிட வறுப்பவரின் கையிலிருந்து வருவது. காலையில் எனக்கும் அது வேண்டும். இந்தப் போட்டி தேடுவது கொட்டைக்குள் மண்ணும் மழையும் வைத்த சுவையை. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தக்கூடாது.

பாரிஸ்டா போட்டி என்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

இல்லை. பாரிஸ்டா போட்டியில் வெல்பவர் காப்பியைத் தயாரித்துப் பரிமாறுபவர். உலக பாரிஸ்டா போட்டி 2000-இல் மான்டே கார்லோவில் தொடங்கியது. நுரைத்த பாலில் ஓவியம் வரையும் உலகப் போட்டியில் 2018-இல் வென்றவர் நம் மலேசியாவின் இர்வின் குவெக், அந்தப் போட்டி நடந்த இடம் மினாஸ் ஜெரைஸ் மாநிலத்தின் தலைநகர் பெலோ ஒரிசோன்ட்டே.

கோலாலம்பூரில் இந்தக் காப்பியை வாங்க விரும்பினால் எதைப் பார்த்து வாங்குவது?

முத்திரையை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். உண்மையிலேயே ஏலத்தில் எடுத்த காப்பியாக இருந்தால் பையில் நாடு, ஆண்டு, தோட்டத்தின் அல்லது விவசாயியின் பெயர், அந்த ஆண்டுப் போட்டியில் பிடித்த இடம் எல்லாம் இருக்கும். அந்த விவரங்களைப் போட்டி அமைப்பின் இணையப் பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்க்கலாம், ஒவ்வோர் ஆண்டின் முடிவுகளும் அங்கே இருக்கின்றன. ‘போட்டியில் வென்ற தோட்டத்தின் காப்பி’ என்று மட்டும் எழுதியிருந்தால் கவனியுங்கள். அந்தத் தோட்டம் என்றோ வென்றிருக்கலாம், உங்கள் கையில் இருப்பது வேறு அறுவடையாக இருக்கலாம். அது மோசமான காப்பி என்று பொருளில்லை, ஆனால் ஏல விலை கொடுக்க வேண்டியதில்லை.

வறுத்த தேதியைப் பாருங்கள், ஒரு மாதத்துக்குள் இருப்பது நல்லது. நம் ஊர்ப் புழுக்கத்தில் திறந்த பை சீக்கிரம் கெடும், காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து வெயில் படாத இடத்தில் வையுங்கள். முழுப் பை வாங்குமுன் கடையில் ஒரு கோப்பை கேட்டுக் குடித்துப் பார்ப்பது செலவுக்கும் நல்லது. பால் விடாமல் கேளுங்கள், பாதி ஆறும்வரை காத்திருந்து குடியுங்கள்.